தங்கத்துக்கு வயசு 75

மதுரை தங்கம் தியேட்டருக்கும் கீழப்பாவூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. கேட்டவர்களையெல்லாம் கமிட்டியில் சேர்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் அவர்கள் கேட்பதில்லை. என் மனைவி மட்டும் கமிட்டியில் சேர மாட்டேன் என்றுவிட்டதால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தம் உண்டு. 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று, ‘பராசக்தி’ படத்தைப் போட்டுக் கதவைத் திறந்த தியேட்டர் அது. 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று அந்தக் காலத்தில் பேர். சிவாஜி கணேசனுக்கும் அதுதான் முதல் படம், தியேட்டருக்கும் அதுதான் முதல் படம். நான் மதுரையில் பி.காம். படித்தபோது அப்பா மெஸ்ஸுக்கு என்று மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார். அதில் கணிசமான பங்கு தங்கத்தின் கல்லாவுக்குப் போயிருக்கிறது. அவ்வளவு முதலீடு செய்தவனுக்கு ஆண்டு விழா நடத்த உரிமை கிடையாதா?

“அந்த முதலீட்டுக்கு வந்த வட்டிதான் ரெண்டு அரியர்ஸ்” என்றாள் என் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததையெல்லாம் மாமியார் மருமகளிடம் சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் வர வேண்டும்.

2027-ல் தங்கத்துக்கு 75 வயது நிறைகிறது. மதுரையில் யாரும் அதற்கு ஏற்பாடு செய்வதாக எங்கள் காதில் விழவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் இதை நான் வருத்தத்தோடு சொல்லப்போக, “அவன் எடுக்கலன்னா என்ன வே, நாம எடுப்போம்” என்றார் காய்கறி மண்டி அண்ணாச்சி. கத்தரிக்காய்க்கு நல்ல விலை கிடைத்த காலை அது. விலை விழுந்த நாளில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு முற்றத்தில் கமிட்டி கூடியது. முற்றம் பெரிது என்பதால் நான் தலைவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் செயலாளர். மண்டி அண்ணாச்சி பொருளாளர். மைக்செட் வைத்திருக்கும் தம்பி ஒலி ஒளிப் பொறுப்பாளர். மிச்சமிருந்தவர்களுக்குத் துணை, இணை, கௌரவ என்று முன்னொட்டுகளைப் பிரித்துக் கொடுத்தோம். கடைசியில் பார்த்தால் உறுப்பினர் என்று ஒருத்தரும் இல்லை. பதினாறு கை நரசிம்மர் குடியிருக்கிற ஊரில், நாற்காலி எடுத்துப்போட இரண்டு கை கிடைக்கவில்லை. நான்தான் எடுத்துப் போட்டேன்.

வாத்தியார் விவரமான மனுஷன். எடுத்த எடுப்பிலேயே ஆட்சேபணை எழுப்பினார். “மூத்த தியேட்டருக்குத்தான் மொத மரியாதை. கோயம்புத்தூர் வெரைட்டி ஹால் 1914-ல கட்டுனது. கட்டுனவரு சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேல படம் வரையுத வேலை பாத்தவரு. 1905-ல திருச்சிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரன்கிட்ட புரொஜெக்டரை வெலைக்கு வாங்கி, வேலைய விட்டுட்டு, ஊர் ஊராக் கூடாரம் அடிச்சுப் படம் காட்டுனாரு. இன்னைக்கும் அந்தத் தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு.”

“எல்லாஞ் சரி வே. 2027-ல அதுக்கு என்ன வயசு?”

“நூத்துப் பதிமூணு.”

“நூத்துப் பதிமூணாம் ஆண்டு விழான்னு நோட்டீஸ் அடிச்சா அச்சுப் பிழைன்னுல்லா சொல்லுவான்” என்றார் அண்ணாச்சி. தீர்மானம் தோற்றது.

தங்கத்தில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. தியேட்டர் இப்போது இல்லை. இடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. தியேட்டர் இருந்தால் முதலாளி இருப்பார், முதலாளிக்கு மருமகன் இருப்பார், இரண்டு பேருக்கும் பொன்னாடை வாங்க வேண்டும், இரண்டு பேரும் பேசுவார்கள். இல்லாத தியேட்டருக்கு விழா எடுத்தால் பேச்செல்லாம் நமக்கே.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் முளைத்தது. இடித்த தியேட்டருக்குக் கொண்டாட வேண்டியது பிறந்தநாளா, நினைவுநாளா? இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஆள் போனபிறகு பிறந்தநாள் கொண்டாடுவது தலைவர்களுக்கு மட்டும்தான் என்று ஒரு கட்சி. தங்கம் தலைவர் இல்லாமல் பின்னே என்ன என்று இன்னொரு கட்சி. அரைமணி நேரம் முற்றம் அதிர்ந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “யாரு போயிட்டாக?” என்று பதறிப்போய்க் கேட்டாள். தியேட்டர் என்றதும் டீயில் பாலைக் குறைத்துவிட்டாள்.

அடுத்தது தேதி. 17-ஆம் தேதியா, தீபாவளியா? “பிறந்த தேதி பள்ளிக்கூடத்துக்கு, நட்சத்திரம்தான் நமக்கு. தீபாவளிக்குப் பொறந்த புள்ளைக்குத் தீபாவளியன்னைக்குத்தான் பிறந்தநாள்” என்றார் அண்ணாச்சி. வாத்தியார் கண்ணை மூடி விரலை மடக்கி, 2027 அக்டோபர் 17 ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டார். தீபாவளி அந்த மாதக் கடைசியில்தான் வருகிறது. அது ஐப்பசி அடைமழைக் காலம். அன்றைக்கு எவனும் வீட்டைவிட்டு வரமாட்டான், வந்தாலும் நனைவான். சரி, 17 என்று முடிவுசெய்து பேனாவைத் திறந்தால், “அன்னைக்குப் புரட்டாசி முடிஞ்சிருக்காதே, கறிச்சோறு போட முடியாதே” என்று ஒரு குரல். கறிச்சோறு இல்லாத விழாவுக்குத் தென்காசி வட்டாரத்தில் என்ன மரியாதை இருக்கிறது? மைக்செட் தம்பி தன் பங்குக்கு, சுவாதி நட்சத்திரம் வருகிற நாளாக மட்டும் வைக்க வேண்டாம், அன்றைக்கு நரசிம்மர் கோயில் பூஜையில் மைக்கு கட்டுகிற வேலை இருக்கும் என்றான். பேனாவை மூடினேன். 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஒரே படத்துக்கு மூன்று தீபாவளி வாய்த்திருக்கிறது. எங்கள் தியேட்டருக்கு ஒரு தேதி வாய்க்கவில்லை.

தேதி இல்லாவிட்டாலும் வசூலைத் தொடங்கலாம் என்றார் பொருளாளர். ‘தங்கம் 75’ என்று பெரிய எழுத்தில் போட்டு ரசீதுப் புத்தகம் அடித்தோம். வசூல் அமோகமாக இருந்தது. பீடி சுற்றுகிற பெண்கள்கூட முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார்கள். சினிமாமீது எங்கள் ஊருக்கு இவ்வளவு பற்றா என்று நெஞ்சு விம்மியது. மறுமாதம் முதல் தேதி அதே பெண்கள் தாங்களே வீடு தேடி வந்து அடுத்த தவணையை நீட்டி, “எத்தனை மாசம் கெட்டணும், செய்கூலி உண்டா?” என்று கேட்டபோதுதான், ஊர் முழுக்க அதை நகைச்சீட்டு என்று நினைத்திருப்பது தெரிந்தது. அத்தனை பணத்தையும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். கொடுக்கப் போனபோது எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓடிப்போன சீட்டுக் கம்பெனிக்காரனையாவது மன்னிப்பார்கள்.

பிளெக்ஸ் கதை இன்னும் மோசம். வடிவமைத்த பையன் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: “தியேட்டர் இருக்கா, இல்லையா?” இல்லை என்றோம். அவன் தன் கணினியில் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டுமோ அதைத் திறந்துவிட்டான். மாதிரி வந்தது. நடுவில் ஒரு தீபம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ஆழ்ந்த வருத்தத்துடன் நாங்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி அணிந்து. பிறந்தநாள் கட்சி கொதித்துப்போனது. நினைவுநாள் கட்சிக்கோ அந்தப் போட்டோக்கள் பிடித்துவிட்டன. தலைவர் என்ற முறையில் என் படம் எல்லாரையும்விடப் பெரிது. முற்றத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வந்தவர் வாசலிலேயே நின்று சைக்கிள் மணியடிக்காமல் என் மனைவியைத் தேடினார்.

சிறப்பு விருந்தினர் யார் என்ற பேச்சு வந்தபோது ஒரு நடிகரைக் கூப்பிடலாம் என்றார்கள். யாருக்கும் எந்த நடிகரையும் தெரியாது. ‘குற்றாலத்தில் குளிக்க வந்த ஒரு நடிகருக்கு வழி சொன்னேன்’ என்றார் ஒருவர். அதுதான் எங்கள் திரையுலகத் தொடர்பின் உச்சம்.

கடைசியில் மைக்செட் தம்பிதான் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தான். எங்கள் வட்டாரத்து டூரிங் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தவர். எண்பதைத் தொட்டிருப்பார். தங்கத்தில் வேலை பார்த்தவர் இல்லை. ஆனால் தங்கத்தில் ஓடிய படங்கள், தேய்ந்து, கோடு விழுந்து, ஒட்டுப்போட்டு, கடைசியாக வந்து சேர்ந்த கொட்டகைகளில் வேலை பார்த்தவர். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பென்சில் மாதிரி இருந்தது, மேலே செம்பு பூசி. பாதி எரிந்த கார்பன் குச்சி.

“இதுல ரெண்டு. ஒண்ணு பாசிட்டிவ், ஒண்ணு நெகட்டிவ். ரெண்டையும் தொட்டும் தொடாம வச்சாத்தான் வெளிச்சம். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும். கையால திருகித் திருகி நெருக்கிக்கிட்டே இருக்கணும். விட்டா ஸ்கிரீன்ல மஞ்சள் அடிச்சிரும். வெளிய விசில் சத்தம் கேட்டா ஹீரோ வந்துட்டான்னும் அர்த்தம், எனக்குக் கண்ணு சொருகிட்டுன்னும் அர்த்தம்.”

ஒரு ரீல் ஆயிரம் அடி, பதினோரு நிமிஷம். பெரிய ஊர்த் தியேட்டர் என்றால் இரண்டு மிஷின். ஒன்று முடியும்போது மற்றதற்குத் தாவ வேண்டும். எப்போது தாவுவது என்று சொல்ல, படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். முதல் புள்ளிக்கு மோட்டாரைத் தட்ட வேண்டும். ஏழு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி. அதற்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகப் போய்விடும். ஒரே மிஷின் வைத்த கொட்டகையில் அந்தக் கவலை இல்லை, ரீலுக்கு ரீல் இடைவேளை விட்டுவிடுவார்களாம். முறுக்கு விற்கிறவனுக்கு அதில்தான் பிழைப்பு.

“பராசக்திய நீங்க எத்தனை தடவை பாத்திருப்பிய தாத்தா?” என்று கேட்டேன்.

“நூறு தடவை ஓட்டிருப்பேன். பாத்ததே கெடயாது. ரீலு முடியப்போகுதுன்னா நான் பாக்கது வலது மூலை மட்டுந்தான். மிச்ச நேரம் குச்சி.”

முற்றத்தில் யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் என் பேரன் கார்பன் குச்சியை எடுத்து, சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம்கூட ஆகாத சுவரில் ஒரு யானை வரைந்து முடித்திருந்தான். ஆயிரக்கணக்கான பேருக்குச் சிவாஜியைக் காட்டிய குச்சி நன்றாகத்தான் எழுதியது. இன்றுவரை அழியவில்லை.

“இவுகளையே மேடையில உக்கார வைங்க. மத்தவுக எல்லாம் கீழ உக்காருங்க” என்றாள் என் மனைவி. மேடையில் தனக்கு எத்தனையாவது நாற்காலி என்று அதுவரை மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கமிட்டி வாயடைத்துப்போனது. மூன்று வகை டிக்கெட் வைத்துக் கொட்டகை மாதிரியே செட் போடுவோம், தரை, பெஞ்சு, சேர் என்று முதல் நாளே தீர்மானம் போட்டிருந்தோம். தரை யாருக்கு என்று மட்டும் தீர்மானிக்காமல் வைத்திருந்தோம். இப்போது தெரிந்துவிட்டது.

ஒத்திகை பார்க்காமல் விழா வைக்கக்கூடாது என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் முற்றத்திலேயே படம் காட்ட ஏற்பாடு செய்தோம். எட்டுமுழ வேஷ்டியைச் சுவரில் கட்டி யானையை மறைத்தோம். மைக்செட் தம்பி எங்கிருந்தோ ஒரு சின்ன புரொஜெக்டர் கொண்டுவந்தான். கார்பன் குச்சி கிடையாது, மோட்டார் கிடையாது, மூலையில் புள்ளி கிடையாது. ஆபரேட்டர் தாத்தா அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, “இதுக்கு ஆளு எதுக்கு?” என்று கேட்டார். ஆள் தேவைப்பட்டது. எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் லொடலொட என்று ஆடும். பிளக்கை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கரண்டு வரும். வீடு யாருடையதோ அவர்தான் பிடிக்க வேண்டும் என்று கமிட்டி ஒருமனதாக முடிவெடுத்தது.

ஆகவே நான் ‘பராசக்தி’யை அன்று காதால் பார்த்தேன். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், ரங்கூனிலிருந்து வரும் அண்ணன்கள், மதுரையில் தங்கை கல்யாணி. மதுரையில் நடக்கிற கதையை மதுரைத் தியேட்டரில் முதல் படமாகப் போட்டவர்களின் சாமர்த்தியத்தைச் சுவரைப் பார்த்தபடி வியந்தேன். கோர்ட் காட்சி வந்தது. முற்றமே மூச்சு விடவில்லை. நான் கழுத்தை லேசாகத் திருப்பினேன். படம் அணைந்தது. அத்தனை பேரும் என்னைத் திட்டிய திட்டை வசனமாக எழுதினால் இன்னொரு படம் எடுக்கலாம். அதற்கப்புறம் திரும்பவில்லை.

கமிட்டிக்காரர்களில் பாதிப்பேர் இடைவேளைக்கு முன்பே குறட்டை. படத்தைக் கடைசிவரை பார்த்தவர்கள் தெருவிலிருந்த பெண்கள்தான். பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கண் வேஷ்டியில் இருக்க, கை தானாக இலையில் தூளை வைத்து உருட்டி, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஆச்சி மட்டும் சுளகு கொண்டுவரவில்லை. “கொட்டகையில மண்ணுல்லா கெடக்கும். முன்னால இருக்கவ கொண்டை மறைச்சா, மண்ணைக் கூட்டிக் குமிச்சு ஏறி உக்காருவோம். அவ திரும்பிப் பாத்து அவளும் குமிப்பா. படம் முடியையில எல்லாரும் ஒசரத்துல இருப்போம்” என்றாள். சொல்லிவிட்டு எங்கள் சிமெண்டுத் தரையைத் தட்டிப் பார்த்தாள், ஏமாற்றமாக.

இடைவேளையில் என் மனைவி சுக்குக்காப்பியும் முறுக்கும் கொண்டுவந்தாள். இலவசம் என்று நினைத்துக் கையை நீட்டினோம். காசு கேட்டாள். இதுவரை விழாவுக்குக் கிடைத்த ஒரே வருமானம் அதுதான். அது பொருளாளர் கைக்கு வரவில்லை.

இவ்வளவு நாள் தியேட்டர், விழா என்றாலே முகத்தைச் சுளித்தவள், கமிட்டி மதுரைக்குப் போய் இடத்தை நேரில் பார்த்துவருவது என்று தீர்மானம் போட்டவுடன் ஆளே மாறிவிட்டாள். “அங்க இப்ப என்ன இருக்குன்னு சொன்னிய?” என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொண்டாள். ஜவுளிக்கடை என்றேன். “வரலாற நாமளும் தெரிஞ்சுக்கிடணும்லா” என்றாள். மண்டி அண்ணாச்சி வீட்டு மதினிக்கும் அன்றிரவே வரலாற்றில் ஆர்வம் பிறந்தது. கமிட்டியில் இருந்த மற்றவர்கள் வீட்டிலும் அப்படியே. பஸ்ஸில் கமிட்டிக்கு உட்கார இடம் இல்லை. தென்காசி, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என்று மதுரைவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வரலாற்றைப் பின்தொடர்ந்தோம்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் வாத்தியார் மதுரைத் தியேட்டர்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். 1937-ல் பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ ஓடிய ஓட்டத்தில், அந்த லாபத்தைக்கொண்டே மதுரையில் ஒரு தியேட்டர் கட்டி அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். படம் தியேட்டரைக் கட்டிய காலம். பெண்கள் யாரும் கேட்கவில்லை, வாசல் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

உள்ளே நுழைந்ததும் ஒரு பையன் கும்பிட்டு, “என்ன பாக்கணும் சார்?” என்றான்.

“தங்கம் தியேட்டர்.”

அவன் ஒரு கணம் யோசித்தான். “பழைய ஐட்டம்னா அந்தப் பக்கம் தள்ளுபடில இருக்கும் சார்” என்றான் பணிவாக.

பட்டுப் பிரிவில் பெண்கள் கரைந்துபோனார்கள். எங்களை ஒரு பையன் அன்போடு அழைத்துக்கொண்டுபோய் ஓரத்தில் உட்கார வைத்தான். கணவன்மார்களுக்கென்றே போட்டிருக்கிற நாற்காலிகள். ஆறு இருந்தன. 2,563 பேர் உட்கார்ந்த இடத்தில் ஆறு. ஹவுஸ்ஃபுல். நின்றுகொண்டிருந்தவர்கள் யார் எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரை எந்தப் பக்கம் இருந்தது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. வாத்தியார் கல்லாப்பெட்டிப் பக்கம் என்றார். நான் சுடிதார் பக்கம் என்றேன். ஆளுக்கொரு திசையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். நினைவுக்குக் கொண்டுவரக் கண்ணை மூடினேன். அந்தக் காலத்தில் படம் தொடங்குவதற்கு முன்னால் இருட்டில் கேட்கிற சத்தம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குரலைத் தாழ்த்துகிற சத்தம், அது கேட்கிறதா என்று பார்த்தேன். ‘மாம்பழ மஞ்சள்ல மெரூன் பார்டர் காட்டுங்க’ என்று என் மனைவி குரல் கேட்டது. அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் கணீரென்று வசனம் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு மதுரைப் பெரியவர், மடி நிறையப் பைகளோடு. எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “திரை ரெண்டு பேரும் சொல்ற பக்கம் இல்லைங்க. உங்க முதுகுக்குப் பின்னால” என்றார். ‘பராசக்தி’யை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். இப்போது பேத்தி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருக்கிறார். “அன்னைக்கு டிக்கெட்டுக்கு நின்னோம், இன்னைக்குப் பில்லுக்கு நிக்கிறோம். இடம் மாறல” என்றார். உடனே அவரைக் கமிட்டியில் சேர்த்தோம். எந்த ஊர் என்று கேட்டார். கீழப்பாவூர் என்றோம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “குற்றாலம் பக்கம்” என்றோம். எங்கள் ஜில்லாவில் எந்த ஊர்க்காரனும் வெளியூரில் கடைசியாகச் சொல்கிற விலாசம் அதுதான்.

“குற்றாலமா? அப்ப சீசன்ல வைங்க, குடும்பத்தோட வரேன்” என்றார்.

கமிட்டிக்கு இது அசரீரியாகக் கேட்டது. ஜூன், ஜூலையில் வைத்தால் மழைச் சாரல், அருவி, புரட்டாசித் தொல்லை கிடையாது, கறிச்சோறு போடலாம், கூட்டம் தானாக வரும். அக்டோபரில் பிறந்ததற்கு ஜூலையில் பிறந்தநாள் என்றால் என்ன கெட்டுப்போனது? பள்ளிக்கூடத்தில் சேர்க்க எங்கள் எல்லாருக்குமே அப்பாக்கள் ஜூன் மாதம் என்றுதான் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். கைகுலுக்கிக்கொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன். பைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “சீசனுக்கா? சித்திரை பொறந்ததுமே உங்க சித்தி மகன் போனப் போட்டு, ‘மதினி, தண்ணி விழுதா?’ன்னு கேக்க ஆரம்பிச்சிருதாரு. அருவியில குளிச்சிட்டு எங்க வந்து துணி காயப் போடுதாக? நம்ம மச்சுலதான். ஒரு சீசனுக்கு எத்தனை படி அரிசி வடிக்கேன்னு உங்க கமிட்டிக்குத் தெரியுமா? அதோட உங்க தியேட்டருக்கு வாற கூட்டத்துக்கும் நாந்தான் வடிக்கணுமோ? 17-ந்தேதி வைங்க. ஞாயித்துக்கிழமை. புரட்டாசின்னா சொதி வைப்போம். தேங்காய்ப்பால் மூணு எடுத்து, இஞ்சித் துவையலோட போட்டா எவன் கறி கேக்கான்னு பாப்போம்.”

பஸ் முழுக்கக் கேட்டது. யாரும் மறுத்துப் பேசவில்லை. அரை மணி நேரத்தில் வாத்தியார் அதைத் தீர்மானமாக எழுதி, கமிட்டி நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒருமனதாக நிறைவேற்றியது என்று போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

பிறந்தநாளா நினைவுநாளா என்பதுதான் இன்னும் முடியவில்லை. வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். 1895 டிசம்பர் 28-ல் பாரிஸ் நகரத்தில் லூமியர் சகோதரர்கள் ஒரு காப்பிக் கடையின் நிலவறையில் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். பார்த்தவர்கள் 33 பேர். அந்தக் காப்பிக் கடையும் பழையபடி இல்லை, ஆனால் உலகம் முழுக்க அந்தத் தேதியைச் சினிமாவின் பிறந்தநாள் என்றுதான் சொல்கிறது, எவனும் திவசம் கொடுப்பதில்லை. ஆகவே பிறந்தநாள் என்கிறார். நினைவுநாள் கட்சி இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. என் கட்சியைக் கேட்டால், பிறந்தநாள்தான். 33 பேரை ஓர் இலக்காக வைத்துக்கொள்ளலாம் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

விழா 2027 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை, கீழப்பாவூரில், எங்கள் வீட்டு முற்றத்தில். தங்கம் தியேட்டரில் கிழித்த டிக்கெட்டின் மறுபாதி, வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், வரிசையில் நின்ற போட்டோ என்று யாரிடமாவது ஏதாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். கண்ணாடிக்குள் வைத்துக் காட்டிவிட்டு அன்றைக்கே பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். நோட்டீஸில் பெயர் போட இனி இடமில்லை, மேடையில் இருக்கிற ஒரே நாற்காலி ஆபரேட்டர் தாத்தாவுக்கு. சொதி எல்லாருக்கும் உண்டு. வருகிறவர்களில் யாருக்காவது எலக்ட்ரிக் வேலை தெரிந்திருந்தால் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிடுங்கள். கோர்ட் காட்சியை நான் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.